கேட்டது மெட்ரிகுலேஷன், கிடைத்தது நான்காம் வகுப்பு: அயோத்திதாசரும் ஒரு பள்ளியின் முன்கதையும்

சென்னை பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்குச் சற்றுத் தொலைவில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. மீனவக் குப்பங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வரும் ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கும் பள்ளி. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1894ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அடையாறு பிரம்மஞான சபையை ஒட்டி வாழ்ந்த சேரி மக்களின் நிலை கண்டு இரங்கி இலவசப் பள்ளியொன்றைத் திறந்தார் என்பது அவ்வரலாறு. அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் வழக்குக் கட்டுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஒரு குறை உடனே தென்படும். கொடுத்தவர் இருக்கிறார், கொடுத்த பொருள் இருக்கிறது, மனுதாரரைத்தான் காணவில்லை.

அந்த மனு எழுதப்பட்ட இடம் சென்னை அன்று, நீலகிரி. எழுதுவித்தவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. சித்த மருத்துவம் அவருடைய தொழில். பண்டிதர் என்பது எந்தப் பல்கலைக்கழகமும் தந்த பட்டம் அன்று. அக்காலத்து அரசு ஆவணங்கள் எழுத்தறிவற்றவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிய மக்களிடையே ஓலைச்சுவடிகளும் மருத்துவ நூல்களும் இருந்தன என்பதற்கு அவருடைய குடும்பமே சான்று. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் சுவடியை அவர் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர். இச்செய்தியை அயோத்திதாசரே பின்னர்த் தம் இதழில் பதிவு செய்தார். ஆக, அவர் பள்ளி கேட்டது கல்வியே அறியாத மக்களுக்காக அன்று. சான்றிதழும் உத்தியோகமும் தரும் புதிய கல்வியின் வாசல் தம் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்ததால் கேட்டார்.

அவருடைய குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. 1819இல் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பின்னர் உதகமண்டலம் மெல்ல மெல்ல வெள்ளையரின் ஊராயிற்று. 1870 முதல் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரம் அதுவே. துரைமார் வீடுகளில் சமையற்காரராகவும் பட்லராகவும் ஆயாவாகவும், வெலிங்டன் பாளையத்தில் ஏவலராகவும், காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்களில் கூலிகளாகவும் சமவெளியிலிருந்து வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவினை கிராமத்தில் இறுகியிருந்த அளவுக்கு மலையில் இறுகியிருக்கவில்லை. மாதச் சம்பளம் கையில் வந்தது. ஆங்கிலம் காதில் விழுந்தது. அரசாங்கம் எப்படி இயங்குகிறது, யாருக்கு மனு எழுதினால் யார் கைக்குப் போகும் என்பதை அருகிலிருந்தே பார்க்க முடிந்தது. இது ஒரு பக்கம். வெள்ளைப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் நிறுவப்பட்ட லாரன்ஸ் பள்ளி லவ்டேலில் பெருங்கட்டடமாக எழுந்து நின்றதும் அதே மலையில்தான். ஒரு பள்ளிக்கு அரசு எவ்வளவு செலவிடும், யாருடைய பிள்ளைக்காகச் செலவிடும் என்பதற்குக் கண்முன் நின்ற பாடம் அது.

இந்த மலையில்தான் 1870களில் அயோத்திதாசர் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். எல்லாம் ஒன்றே என்று சொல்லும் தத்துவத்தைச் சாதி வேற்றுமைக்கு எதிராகத் திருப்பிப் பார்க்கும் முயற்சி. அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னாளில் பௌத்தத்துக்குச் சென்ற அவர் அத்வைதத்தை விட்டு வெகுதொலைவு விலகிவிட்டார். இருந்தாலும் சபை கூட்டுவது, விவாதிப்பது, தீர்மானம் எழுதுவது என்னும் பழக்கம் அங்கே தொடங்கியது. 1885இல் அருட்பணியாளர் ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்ற இதழை நடத்தினார்.

அதே மலையில் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தவர் இரட்டைமலை சீனிவாசன். அயோத்திதாசரின் மைத்துனர். கோயம்புத்தூரில் தாம் படித்த காலத்தைப் பற்றிச் சீனிவாசன் தம் சுருக்கமான வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது. ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்த இடத்தில், பெரும்பாலோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே ஒதுங்கி நிற்பார். வகுப்பு முடிந்ததும், பின்தொடர்ந்து வந்து வீட்டை அறிந்துகொள்வார்களோ என்று விரைந்து நடப்பார். பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளையின் கதையே இதுவென்றால், இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1891 டிசம்பர் 1ஆம் நாள், நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அயோத்திதாசர் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பத்தையும் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பேன். பறையர் என்று இழித்துரைப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு 98 ஆண்டுகளுக்கு முன்பு. சிறைச்சாலைகளில் குப்பை கூட்டும் இழிவேலைகளைப் பறையருக்கே ஒதுக்கிய சிறை விதிகளின் 464ஆம் பிரிவை நீக்கக் கேட்டார்கள். சிறை விதியின் எண்ணைக் குறிப்பிட்டு நீக்கக் கேட்பது பிச்சை கேட்பவரின் மொழியன்று. பொதுக் கிணறு, பொதுக்குளம், அரசு அலுவலகங்களுக்குள் நுழையும் உரிமை, நகராட்சி, கிராம அவைகளில் பிரதிநிதித்துவம், முனிசீப், மணியக்காரர் பதவிகள் என்று பட்டியல் நீண்டது.

கல்வியைப் பற்றிய தீர்மானங்கள் ஒன்றோடொன்று கோத்தவை. தம் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் வேண்டும். அவற்றில் தம் சமூகத்தவரே ஆசிரியராக வேண்டும். கட்டணம் பாதியாக வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறுவோரில் ஆண்டுதோறும் மூவருக்கு மேற்படிப்பு உதவித்தொகை வேண்டும். படித்தவர்களுக்குக் கல்வியையும் நடத்தையையும் மட்டும் பார்த்து அரசு வேலை வேண்டும். தனிப்பள்ளி கேட்டதைப் பிரிவினை மனப்பான்மை என்று இன்று சிலர் சொல்வதுண்டு. பொதுப்பள்ளியின் கதவைச் சாத்திவைத்தவர்கள் சொல்லக்கூடாத சொல் அது. கவனிக்க வேண்டியது வேறு. நீலகிரியில் கூடியவர்கள் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று கேட்கவில்லை. அரிச்சுவடியிலிருந்து மெட்ரிகுலேஷன் வரை, அங்கிருந்து கல்லூரி வரை, கல்லூரியிலிருந்து அரசு அலுவலகம் வரை இடையில் ஒரு படியும் விடாமல் கேட்டார்கள். அன்றைய கணக்கில் மெட்ரிகுலேஷன் என்பது உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வு. ஆகவே, 1891இன் கோரிக்கை உயர்நிலைக் கல்விக்கான கோரிக்கை.

தீர்மானங்கள் காங்கிரசுக்கு அனுப்பப்பட்டன. வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1892 ஏப்ரலில், சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபை கூடியது. தேசிய இயக்கத்தின் பெரிய மனிதர்கள் நிறைந்த சபை. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் அதில் கலந்துகொண்டார். தம் மக்களின் முறைவந்தபோது, எல்லோருக்கும் பொதுவென்று சொல்லப்படும் விஷ்ணு, சிவன் கோயில்களில் இம்மக்களுக்கு மட்டும் இடமில்லாதது ஏன் என்று கேட்டார். சபையில் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கென்று மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கும்போது சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்னும் பொருள்படப் பேசினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, அயோத்திதாசர் பேச்சை அங்கேயே திருப்பினார். பிள்ளைகளுக்குக் கல்வியும், பிழைப்புக்குத் தரிசு நிலமும் கேட்டார். கோயிலை மறுத்த சபைக்கு இவற்றையும் மறுக்க வாயில்லை. இலவசக் கல்விக்கும் நிலத்துக்கும் அரசைக் கேட்டுக்கொள்வதாகத் தீர்மானமாயிற்று.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். சபை ஒப்புக்கொண்ட இலவசக் கல்வி நான்காம் வகுப்பு வரைதான். நான்கு மாதங்களுக்கு முன்பு மலையில் மெட்ரிகுலேஷன் என்று எழுதப்பட்ட கோரிக்கை, சமவெளியின் பெரிய மனிதர்கள் கையில் நான்காம் வகுப்பாகச் சுருங்கியது. யாரும் அதை மறுப்பு என்று உணர்ந்திருக்க மாட்டார்கள். பாதியைக் கொடுத்து முழுக்கணக்கையும் தீர்த்துக்கொள்ளும் இந்த வழக்கம் நமக்கு இன்றும் பழக்கமானது.

அரசின் காதிலும் அக்காலத்தில் பல திசைகளிலிருந்து குரல்கள் விழுந்தன. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை பஞ்சமி நிலங்களுக்கான 1892ஆம் ஆண்டு அரசாணைக்கு வழிவகுத்தது. மறைப்பணியாளர்களும் மனு அளித்திருந்தார்கள். 1893இல் வெளியான 68ஆம் எண் அரசாணை, பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியமும், அம்மக்களிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி உதவித்தொகையும் வழங்க வகை செய்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று அதைப் பாராட்டுவோர் உண்டு. அதுவும் தொடக்கக் கல்வியை மையமாகக் கொண்டதுதான்.

இந்தப் பின்னணியில்தான் 1894இல் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் ஆல்காட்டின் முதல் பள்ளி எழுந்தது. மண்சுவரும் ஓலைக்கூரையுமான எளிய கட்டடம். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பிளாவட்ஸ்கி அம்மையார் பெயரில் ஒன்று, தாமோதர் பெயரில் ஒன்று, திருவள்ளுவர் பெயரில் ஒன்று, அன்னி பெசன்ட் பெயரில் ஒன்று என்று சென்னையின் சேரிகளில் ஐந்து பள்ளிகள் ஆயின. பாமர், கோர்ட்ரைட் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் மேற்பார்வையாளராக இருந்து, அடித்து மனப்பாடம் செய்விக்கும் முறையை விலக்கி, கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தினார்கள். சாதி இந்துக்களின் பிள்ளைகளுக்கே அன்று கிடைக்காத முறை அது. பௌத்தர்களின் நாடான இலங்கையில் கல்விப் பணி செய்து தேர்ந்த ஆல்காட், மதம் மாற்றும் நோக்கமின்றி இப்பள்ளிகளை நடத்தினார். இதற்கெல்லாம் அவருக்கு நன்றி சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. ஊரூர்க் கடற்கரையின் குப்பம் இன்றும் அவர் பெயரைச் சுமந்திருப்பது காரணமில்லாமல் அன்று.

ஆனால் அப்பள்ளிகளின் எல்லை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. தாய்மொழியில் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் ஆங்கிலம், கணக்கு, சுகாதாரம், சமையல் போன்ற வீட்டுக்கலைகள். இவற்றைப் படித்த பிள்ளை ஏமாற்றப்படாமல் பிழைத்துக்கொள்ளும் என்பது ஆல்காட்டின் எண்ணம். அதற்கு மேல் கொண்டுசெல்வது அவர் திட்டத்தில் இல்லை. ஓலைக்கூரைக்கு அடியில் திறந்தது நான்காம் வகுப்பின் வாசல். நீலகிரித் தீர்மானத்தில் எழுதியிருந்த மேல்தளம் கட்டப்படவே இல்லை. ஊரூர்ப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தபோது ஆல்காட்டும் உயிரோடில்லை, அயோத்திதாசரும் உயிரோடில்லை.

தீர்மானத்தின் இன்னொரு பகுதி மட்டும் ஓரளவு நிறைவேறியது. பள்ளி ஆசிரியர்களில் அம்மக்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான கிருஷ்ணசாமியார், 1898இல் அயோத்திதாசரும் ஆல்காட்டும் இலங்கைக்குப் பயணம் சென்றபோது உடன் சென்றார். கொழும்பில் சுமங்கல மகாநாயக்கரிடம் இருவரும் பஞ்சசீலம் ஏற்றார்கள். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார் அயோத்திதாசர். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று கூலிகளாகவும் சிப்பாய்களாகவும் நம் மக்கள் பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் அதற்குக் கிளைகள் தோன்றின. ஒரு பள்ளி ஆசிரியர் அந்தப் பயணத்தில் இருந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தம் சமூகத்தவரே ஆசிரியராக வேண்டும் என்று கேட்டவர்கள், பாடம் சொல்லும் ஆளை மட்டுமா எதிர்பார்த்திருப்பார்கள்?

பள்ளியின் பெயரே ஒரு சிக்கல். பஞ்சமர் இலவசப் பள்ளி என்று பலகை வைத்தார்கள். பறையர் என்ற பெயரைப் போலவே பஞ்சமர் என்ற பெயரையும் அயோத்திதாசர் ஏற்கவில்லை. வருணத்துக்குப் புறம்பான ஐந்தாமவர் என்று சொன்னால் முதல் நான்கையும் ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்பவையே அவர் வலியுறுத்திய பெயர்கள். பிள்ளை படிக்க நுழையும்போதே இழிவை வாசித்துவிட்டு நுழைய வேண்டுமா என்ற கேள்வி அதில் இருந்தது. அரிசன் என்றும் ஆதிதிராவிடர் நலம் என்றும் பலகை மாறிமாறி வந்த பின்னரும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்று இப்போதும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

1907 பிப்ரவரி 17 அன்று ஆல்காட் இறந்தார். நான்கே மாதங்களில், ஜூன் 19 அன்று, ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் வெளியிட்டார். ஓராண்டு கழித்துப் பெயர் தமிழன் என்று சுருங்கியது. வரலாறு, மருத்துவம், அரசியல், இலக்கணம், வாசகர் கேள்வி என்று ஏழாண்டுகள் அந்த இதழே அவருடைய பள்ளிக்கூடமாக இருந்தது. பிரம்மஞான சபையின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பது தகாது, முதலில் அவர்களுடைய உடலும் உணவும் பழக்கமும் தூய்மையாக வேண்டும் என்ற பொருளில் 1909இல் இந்தியன் ரிவியூ இதழில் எழுதினார். இரக்கத்தின் மேல் கட்டிய பள்ளி இரக்கப்படுபவர் மாறியதும் எப்படி ஆட்டம் காணும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அயோத்திதாசரைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றையும் மறைக்கக் கூடாது. தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்று நிறுவும் முயற்சியில், சக்கிலியர், தோட்டி முதலானோரைத் தம் மக்களிலிருந்து வேறானவர் என்று பிரித்து அவர் எழுதினார். அருந்ததியர் தோழர்கள் இதை விமர்சிப்பது நியாயம். சிறை விதி 464ஐ எதிர்த்த மாநாடும், குப்பை கூட்டும் வேலை எவர் தலையிலும் விழக் கூடாது என்று கேட்கவில்லை. நம்மவர் தலையில் விழக் கூடாது என்றுதான் கேட்டது. நீலகிரியின் நகராட்சிகளில் இன்றும் துப்புரவு வேலை எந்தச் சாதியார் தலையில் விழுந்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள மாட்டார்கள்.

1914 மே 5 அன்று அவர் இறந்தார். அதன் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அவரைத் தமிழ்ப் பொதுவெளி மறந்திருந்தது. தங்கவயல் பௌத்தர்கள் மறக்கவில்லை. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே கல்லூரி மாணவர்கள் கையில் அவர் கிடைத்தார். 2023 டிசம்பர் 1 அன்று கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. நீலகிரி மாநாடு கூடிய அதே நாள்.

மண்டபம் வந்துவிட்டது. தீர்மானம் என்ன ஆயிற்று? மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கு உதவித்தொகை 1944இல் வந்தது, வைசிராய் அவையில் அம்பேத்கர் இருந்த காலத்தில். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 53 ஆண்டுகள். மெட்ரிகுலேஷன் வரை போய்ச்சேரும் வழியைச் சட்டம் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்க அரசு விதி வகுக்கலாம் என்றது அது. பன்னிரண்டு வயதோடு முதலாளியின் பொறுப்பு முடிந்தது. கல்வி அடிப்படை உரிமை என்று 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் அறிவித்த உச்ச நீதிமன்றமும் 14 வயதில் கோடு போட்டது. அதற்கு மேல் அரசின் பொருளாதார வசதியைப் பொறுத்தது என்றது. 2002ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தமும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதே கோட்டில் நின்றுவிட்டன. எட்டாம் வகுப்பு வரை உரிமை. ஒன்பதும் பத்தும் அரசின் கொள்கை. அரசு நினைத்தால் வைத்திருக்கலாம், நினைத்தால் மாற்றலாம்.

இந்தக் கோடு சென்னையில் பெரிதாகத் தெரியாது. குந்தா போன்ற வட்டத்தில்தான் அதன் கூர்மை தெரியும். நீலகிரியின் பழைய நாட்டுப் பிரிவுகளுள் ஒன்றான குந்தாவில் தேயிலைச் சரிவுகளுக்கும் மின்திட்ட அணைகளுக்கும் இடையே குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தோட்ட லயத்துக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தாலும், உயர்நிலைப் பள்ளி என்றால் மலைப்பாதையில் பேருந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பேருந்து நிற்கும். யானையும் காட்டெருமையும் நடமாடும் வழியில் அந்தி சாய்ந்த பின் பெண்பிள்ளையைத் தனியே விடப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோகும் அந்தப் பிள்ளைக்காக நீதிமன்றத்தில் மனுப்போட வரும் வழக்கறிஞர், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. வயது வரம்பை 18 ஆக உயர்த்தக் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அடுத்த கிராம சபையில் இதற்கான தீர்மானத்தை எழுதவிருக்கும் தோழர்கள், முன்னுரையில் 1891 டிசம்பர் 1 என்ற தேதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.